தவிடு சொன்ன உண்மை

மனிதன் உயிர் வாழ்வதற்கு உணவு இன்றியமையாதது என்பதை அனைவரும் அறிவர். ஆனால், வயிறு நிறைந்தால் போதும் என்று எண்ணுவோரும் உளர். வயிறு நிறைவது வேறு. உடல் நிறைவது வேறு. மூன்று வேளையும் வயிறார உண்டும் உடல் நலிந்து, நடக்கவும் இயலாமல் உயிர் துறந்த மக்கள் பல்லாயிரவர். அத்தகைய துயரம் ஏறத்தாழ நூற்றிருபது ஆண்டுகளுக்கு முன்பு மலாயா மண்ணிலும் நிகழ்ந்தது. அவர்களின் தட்டில் சோறு இருந்தது. ஆனால், அச்சோற்றில் இருக்க வேண்டிய ஒன்று இல்லாமல் போயிருந்தது. அது என்ன என்பதைக் கண்டறிய அறிவியல் உலகிற்கு ஐம்பது ஆண்டுகள் பிடித்தன. அத்தேடலில் கோலாலம்பூருக்கும் நெகிரி செம்பிலானுக்கும் தமிழரின் புழுங்கல் அரிசிக்கும் பெரும் பங்கு உண்டு.

உணவில் இருப்பவை

பள்ளிச் சிற்றுண்டிச்சாலையில் விற்கப்படும் நாசி லெமாக் பொட்டலம் ஒன்றைப் பிரித்துப் பார்த்தால், உணவின் அடிப்படைச் சத்துகள் பலவற்றை அதில் காணலாம். சோற்றில் மாவுச்சத்து உள்ளது. நெத்திலியிலும் முட்டையிலும் புரதச்சத்து உள்ளது. சோறு வெந்த தேங்காய்ப்பாலில் கொழுப்புச்சத்து உள்ளது. எலும்போடு உண்ணப்படும் நெத்திலியில் சுண்ணாம்புச்சத்தும், நிலக்கடலையில் உயிர்ச்சத்துகளும், வெள்ளரிக்காயில் நீரும் நார்ச்சத்தும் உள்ளன.

இச்சத்துகளை அவை செய்யும் வேலையைக் கொண்டு இரண்டாகப் பிரிக்கலாம். மாவுச்சத்து, புரதம், கொழுப்பு ஆகிய மூன்றும் உடலுக்கு அதிக அளவில் தேவைப்படுபவை. இவை ஆற்றலைத் தருகின்றன. ஒரு கிராம் மாவுச்சத்தோ புரதமோ ஏறத்தாழ 4 கிலோ கலோரி ஆற்றலைத் தரும்; ஒரு கிராம் கொழுப்பு 9 கிலோ கலோரி தரும். இவற்றுள் புரதத்தின் முதன்மை வேலை உடலைக் கட்டுவதாகும். தசை, தோல், முடி, குருதி ஆகிய அனைத்தும் புரதத்தைக் கொண்டே உருவாகின்றன.

உயிர்ச்சத்துகளும் கனிமச்சத்துகளும் இரண்டாம் வகையைச் சேர்ந்தவை. இவை உடலுக்கு மிகச் சிறிய அளவிலேயே தேவைப்படுகின்றன. இவை ஆற்றலைத் தருவதில்லை. எனினும், மற்ற சத்துகள் தத்தம் வேலையைச் செய்வதற்கு இவை துணை நிற்கின்றன. இரும்புச்சத்து இல்லையேல் குருதி உயிர்வளியைச் சுமந்து செல்லாது. உயிர்ச்சத்து டி குறைந்தால், உண்ட உணவில் சுண்ணாம்புச்சத்து இருந்தும் உடல் அதனை நன்கு உறிஞ்சிக்கொள்ளாது. அளவில் சிறியது என்பதால் ஒரு சத்தைப் புறக்கணித்துவிட முடியாது. கடுகு சிறுத்தாலும் காரம் குறையாது அல்லவா?

சோறு ஆற்றலாகும் வழி

ஒரு கவளம் சோறு வாய்க்குள் சென்றவுடன் செரிமானம் தொடங்கிவிடுகிறது. உமிழ்நீரில் உள்ள நொதி மாவுச்சத்தைச் சிறு சிறு கூறுகளாக உடைக்கத் தொடங்குகிறது. சோற்றை நெடுநேரம் மென்றால் இலேசான இனிப்புத் தோன்றுவதற்கு இதுவே காரணம். பின்னர், சிறுகுடலில் கணையநீரும் குடல்நீரும் சேர்ந்து மாவுச்சத்தை முழுவதும் குளுக்கோஸ் என்னும் எளிய சர்க்கரையாக மாற்றுகின்றன. குடலின் உட்சுவரில் விரல்களைப் போல் நீட்டிக்கொண்டிருக்கும் குடலுறிஞ்சிகள் அச்சர்க்கரையை உறிஞ்சிக் குருதியில் சேர்க்கின்றன. குருதி அதனை உடலெங்கும் உள்ள உயிரணுக்களுக்குக் கொண்டு செல்கிறது.

உயிரணுவிற்குள் சென்றதும் குளுக்கோஸ் உடனே ஆற்றலாக மாறிவிடுவதில்லை. அது படிப்படியாக உடைக்கப்பட வேண்டும். முதலில் அது பைருவேட் என்னும் பொருளாக மாறுகிறது. அதன் பிறகு, பைருவேட் மற்றொரு பொருளாக மாறி, உயிரணுவின் ஆற்றல் நிலையமாகிய மைட்டோகாண்டிரியாவில் முழுமையாக எரிக்கப்பட வேண்டும். இந்த இடத்தில்தான் ஒரு கதவு இருக்கிறது. அக்கதவைத் திறக்கும் நொதிக்கு ஒரு துணைவன் தேவை. அத்துணைவனே தையமின் எனப்படும் உயிர்ச்சத்து பி1.

அடுப்பு நிறைய விறகு அடுக்கி வைத்திருந்தாலும் தீக்குச்சி இல்லையென்றால் உலை கொதிக்காது. சோறு விறகு என்றால், தையமின் தீக்குச்சி. தையமின் இல்லாத உடலில் பைருவேட் தேங்குகிறது, ஆற்றல் பிறப்பதில்லை. உடலில் ஓய்வின்றி உழைக்கும் உறுப்புகளே இதனால் முதலில் பாதிக்கப்படுகின்றன. இதயம் ஒரு நாளில் ஏறத்தாழ ஒரு லட்சம் முறை துடிக்கிறது. மூளையும் நரம்புகளும் தங்கள் ஆற்றலுக்குப் பெரும்பாலும் குளுக்கோஸையே நம்பியிருக்கின்றன. எனவே, தையமின் குறைந்தால் இதயமும் நரம்புகளும் தளர்ந்து போகின்றன.

வளர்ந்த ஒருவருக்கு நாளொன்றுக்குத் தேவைப்படும் தையமினின் அளவு 1 மில்லிகிராமுக்குச் சற்றே அதிகம். ஒரு சிட்டிகை உப்பைவிட மிகவும் குறைவு. ஆனால், உடல் இதனை நெடுநாள் சேமித்து வைப்பதில்லை. உணவில் இது அறவே இல்லையென்றால், இரண்டு மூன்று வாரங்களிலேயே சேமிப்புக் கரையத் தொடங்கிவிடும். மேலும், ஒருவர் எவ்வளவு அதிகமாக மாவுச்சத்தை உண்கிறாரோ, அவ்வளவு அதிகமாகத் தையமின் தேவைப்படும். சோற்றை மட்டுமே நம்பி வாழ்வோருக்கு இது பெரும் சிக்கலாகும்.

காரணம் அறியாத நோய்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஆசிய நாடுகள் பலவற்றில் ஒரு நோய் வேகமாகப் பரவியது. முதலில் கால்கள் மரத்துப்போகும். பிறகு, நடை தள்ளாடும். சிலருக்குத் தசைகள் சூம்பி, எழுந்து நிற்கவும் முடியாமல் போகும். வேறு சிலருக்குக் கால்களில் நீர் கோத்து வீங்கும், மூச்சுத் திணறும், ஒருநாள் திடீரென இதயம் நின்றுவிடும். இந்நோயைப் பெரிபெரி என்று அழைத்தனர். 'முடியாது' என்னும் பொருள் தரும் சிங்களச் சொல்லிலிருந்து இப்பெயர் பிறந்தது என்று பலர் கருதுகின்றனர்.

ஜப்பானியக் கடற்படை வீரர்களும், டச்சுக்காரர்களின் ஆட்சியில் இருந்த ஜாவாவின் படைவீரர்களும் கைதிகளும், மலாயாவின் ஈயச் சுரங்கத் தொழிலாளர்களும் இந்நோய்க்கு ஆளாயினர். இவர்களுள் பலர் இளைஞர்கள். நல்ல உடற்கட்டு உடையவர்கள். பட்டினி கிடந்தவர்கள் அல்லர். ஆகவே, உணவின் குறையால் நோய் வந்திருக்கும் என்று மருத்துவர்கள் எண்ணவில்லை. நோய்களுக்குக் கிருமிகளே காரணம் என்னும் கண்டுபிடிப்பு அக்காலத்தில் புதிதாக வேரூன்றியிருந்தது. எனவே, மருத்துவர்கள் பெரிபெரிக் கிருமியைத் தேடி அலைந்தனர். அக்கிருமி கிடைக்கவே இல்லை.

அதே காலத்தில்தான் நீராவியால் இயங்கும் அரிசி ஆலைகள் சியாமிலும் பர்மாவிலும் பெருகின. உரலில் குத்திய அரிசியில் தவிடு ஓரளவு ஒட்டிக்கொண்டிருக்கும். ஆலையில் தீட்டிய அரிசியோ தவிடு முற்றிலும் நீங்கி முத்துப் போல் வெண்மையாக இருந்தது. அது விரைவில் கெடவில்லை. நெடுந்தூரம் கப்பலில் அனுப்புவதற்கு ஏற்றதாக இருந்தது. பார்வைக்கும் அழகாக இருந்தது. மக்கள் அதனை விரும்பி வாங்கினர். சுரங்கங்களிலும் சிறைகளிலும் மருத்துவமனைகளிலும் அதுவே அன்றாட உணவாயிற்று. ஆனால், நெல்லின் உயிர்ச்சத்துகளில் பெரும்பகுதி தவிட்டிலும் முளையிலுமே இருக்கிறது என்பது அன்று எவருக்கும் தெரியாது. தவிடு கோழிக்கும் மாட்டுக்கும் போயிற்று. வெண்மையான மாவுச்சத்து மனிதனுக்கு வந்தது.

கோழிகள் காட்டிய வழி

கிறிஸ்டியான் எய்க்மன் என்னும் டச்சு மருத்துவர் 1886ஆம் ஆண்டு பெரிபெரியை ஆராய்வதற்காகப் பத்தாவியா நகருக்கு வந்தார். அந்நகரம் இன்று ஜகார்த்தா என அழைக்கப்படுகிறது. 1889ஆம் ஆண்டு, அவருடைய ஆய்வுக்கூடத்துக் கோழிகள் திடீரென நடக்க முடியாமல் தள்ளாடி விழுந்தன. அவற்றின் நிலை பெரிபெரி நோயாளிகளின் நிலையை ஒத்திருந்தது. சில மாதங்களுக்குப் பிறகு, எம்மருந்தும் தரப்படாமலேயே கோழிகள் நலம் பெற்றன.

எய்க்மன் இதனை ஆராய்ந்தபோது வியப்பான செய்தி ஒன்று வெளிப்பட்டது. கோழிகள் நோயுற்றிருந்த காலத்தில், படை மருத்துவமனையின் சமையற்கூடத்தில் மீந்த தீட்டிய அரிசிச் சோறே அவற்றுக்கு இரையாகப் போடப்பட்டிருந்தது. பின்னர், புதிய சமையற்காரர் ஒருவர் பொறுப்பேற்றார். படைவீரர்களின் அரிசியைக் கோழிகளுக்குத் தர அவர் மறுத்துவிட்டார். அதனால், கோழிகளுக்குத் தவிடு நீங்காத மலிவான அரிசி போடப்பட்டது. அவை நலம் பெற்றதற்குக் காரணம் அதுவே. ஒரு சமையற்காரரின் மறுப்பு, உலகையே மாற்றிய கண்டுபிடிப்புக்கு வழிவகுத்தது.

தொடர்ந்து, ஜாவாவின் சிறைகளை ஆய்வு செய்யும் பணியில் ஃபோர்டர்மன் என்னும் மருத்துவ அதிகாரி ஈடுபட்டார். ஏறத்தாழ நூறு சிறைகளில் இருந்த 280,000 கைதிகளைப் பற்றிய விவரங்கள் திரட்டப்பட்டன. தவிடு நீங்காத அரிசி வழங்கிய சிறைகளில் பதினாயிரம் பேரில் ஒருவருக்கே பெரிபெரி கண்டது. தீட்டிய அரிசி வழங்கிய சிறைகளிலோ 39 பேரில் ஒருவருக்கு அந்நோய் கண்டது.

எனினும், எய்க்மன் முழு உண்மையையும் கண்டுவிடவில்லை. வெள்ளை அரிசியில் ஏதோ ஒரு நஞ்சு இருப்பதாகவும் தவிட்டில் அதற்கு மாற்று மருந்து இருப்பதாகவும் அவர் கருதினார். அவருக்குப் பின் அப்பணியைத் தொடர்ந்த கெரிட் கிரைன்ஸ் 1901ஆம் ஆண்டு வேறொரு முடிவை வெளியிட்டார். வெள்ளை அரிசியில் நஞ்சு எதுவும் இல்லை. உடலுக்குத் தேவையான ஏதோ ஒன்றுதான் அதில் இல்லை என்றார் அவர். இருக்கும் ஒன்றால் மட்டுமன்றி இல்லாத ஒன்றாலும் நோய் வரும் என்பது அக்காலத்தில் புதுமையான சிந்தனையாகும்.

புழுங்கல் அரிசியின் புதிர்

இதே காலத்தில் நெகிரி செம்பிலானில் பணியாற்றிய பிராடன் என்னும் ஆங்கிலேய மருத்துவர் மற்றொரு புதிரைக் கவனித்தார். மலாயாவில் மூவின மக்களும் அரிசிச் சோற்றையே உண்டனர். ஆனால், பெரிபெரி மூவினத்தாரையும் ஒரே அளவில் தாக்கவில்லை. சியாமிலிருந்தும் ரங்கூனிலிருந்தும் வந்த வெள்ளை அரிசியை உண்ட சீனச் சுரங்கத் தொழிலாளர்கள் பெருமளவில் மாண்டனர். தம் வயலில் விளைந்த நெல்லை அவ்வப்போது உரலில் குத்திச் சமைத்த மலாய்க் கிராம மக்களை அந்நோய் அரிதாகவே தொட்டது. தமிழ்த் தொழிலாளர்களிடமும் அந்நோய் மிகக் குறைவாகவே காணப்பட்டது. அவர்கள் மற்றவர்களைவிட வளமாக வாழ்ந்தவர்கள் அல்லர். தோட்டங்களிலும் சாலைப் பணிகளிலும் குறைந்த கூலிக்கு அல்லும் பகலும் உழைத்தவர்கள். அவர்களின் உணவில் இருந்த வேறுபாடு ஒன்றே: அவர்கள் புழுங்கல் அரிசியை உண்டனர்.

புழுங்கல் அரிசி ஆக்கும் முறை தமிழர்களுக்குப் புதிதன்று. நெல்லை உமியோடு நீரில் ஊறவைப்பர். பிறகு அதனை வேகவைத்து, வெயிலில் உலர்த்துவர். அதன் பின்னரே குத்துவர். இவ்வாறு செய்தால் உமி எளிதில் நீங்கும், அரிசி உடையாது, நெடுநாள் கெடாமலும் இருக்கும். இப்பயன்களைக் கருதியே முன்னோர் நெல்லைப் புழுக்கினர். உயிர்ச்சத்தைப் பற்றி அவர்கள் அறிந்திருக்க வழியில்லை. ஆயினும், அம்முறையில் ஒரு நன்மை மறைந்திருந்தது. நெல் ஊறி வேகும்போது, தவிட்டிலும் முளையிலும் உள்ள தையமின் நீரில் கரைந்து அரிசியின் உட்பகுதிக்குள் ஊடுருவுகிறது. வெப்பத்தால் மாவுச்சத்து இறுகி, அதனை உள்ளேயே தேக்கி வைக்கிறது. அதன்பின் அரிசியைத் தீட்டினாலும் தையமினில் பெரும்பகுதி அரிசியிலேயே தங்கிவிடுகிறது.

பிராடனும் அரிசியில் நஞ்சு இருப்பதாகவே கருதினார். எனினும், அரிசியை மாற்றினால் நோய் நீங்கும் என்னும் அவருடைய கூற்று சரியாக இருந்தது. அதனை மெய்ப்பிக்கச் சான்று தேவைப்பட்டது.

கோலாலம்பூரில் நடந்த ஆய்வு

1905ஆம் ஆண்டு, கோலாலம்பூரில் இருந்த மனநோயாளர் காப்பகத்தில் பெரிபெரி கடுமையாகப் பரவியது. அங்குப் பணியாற்றிய வில்லியம் ஃபிளெட்சர் என்னும் மருத்துவர், அவ்வாண்டு டிசம்பர் மாதம் ஓர் ஆய்வைத் தொடங்கினார். நோயாளிகள் அனைவரும் உணவுக்கூடத்தில் வரிசையாக நிறுத்தப்பட்டு எண்ணப்பட்டனர். ஒற்றைப்படை எண் பெற்றவர்கள் ஒரு விடுதிக்கும், இரட்டைப்படை எண் பெற்றவர்கள் மற்றொரு விடுதிக்கும் அனுப்பப்பட்டனர். ஒரு பிரிவினருக்குச் சியாமின் வெள்ளை அரிசியும், மற்றொரு பிரிவினருக்கு இந்தியாவின் புழுங்கல் அரிசியும் வழங்கப்பட்டன. மற்ற உணவுகளில் வேறுபாடு இல்லை. கட்டடத்தில்தான் நோய் இருக்கிறதோ என்னும் ஐயத்தைப் போக்க, இடையில் இரு பிரிவினரின் விடுதிகளும் மாற்றப்பட்டன.

ஓராண்டு கழிந்தது. வெள்ளை அரிசி உண்ட 120 பேரில் முப்பதுக்கும் மேற்பட்டோருக்குப் பெரிபெரி கண்டது. 18 பேர் உயிரிழந்தனர். புழுங்கல் அரிசி உண்ட 123 பேரில் இருவருக்கே அந்நோய் இருந்தது. அவ்விருவரும் காப்பகத்திற்கு வரும்போதே நோயுடன் வந்தவர்கள். அப்பிரிவில் பெரிபெரியால் ஒருவர்கூட இறக்கவில்லை. நோய்க்கும் அரிசிக்கும் உள்ள தொடர்பு உள்ளங்கை நெல்லிக்கனி போலத் தெளிவாயிற்று.

இவ்வாய்வு மருத்துவ வரலாற்றில் இன்றும் குறிப்பிடப்படுகிறது. ஆயினும், அதில் ஒரு வேதனையும் கலந்துள்ளது. அந்நோயாளிகளிடம் எவரும் ஒப்புதல் கேட்கவில்லை. தங்களுக்கு ஏன் அந்த அரிசி தரப்படுகிறது என்பது அவர்களுக்குத் தெரியாது. ஒருவரின் ஒப்புதல் இன்றி அவரை ஆய்வுக்கு உட்படுத்துவது தவறு என்பது இக்கால மருத்துவ நெறி. உலகம் பெற்ற இந்த அறிவுக்கு, பெயர் அறியப்படாத பதினெண்மரின் உயிர் விலையாயிற்று.

1907ஆம் ஆண்டு, கோலாலம்பூரில் உள்ள மருத்துவ ஆய்வுக் கழகத்தைச் சேர்ந்த ஃபிரேசர், ஸ்டாண்டன் ஆகிய இருவரும் இதனை மேலும் உறுதிப்படுத்த முனைந்தனர். நெகிரி செம்பிலானில் டூரியான் திப்புஸ் என்னும் காட்டுப் பகுதியில் சாலை அமைக்கும் பணியில் ஏறத்தாழ 300 ஜாவானியத் தொழிலாளர்கள் ஈடுபட்டிருந்தனர். அவர்கள் இரு பிரிவாகப் பிரிக்கப்பட்டனர். வெள்ளை அரிசி உண்ட பிரிவில் சில மாதங்களில் பெரிபெரி தோன்றியது. புழுங்கல் அரிசி உண்ட பிரிவில் தோன்றவில்லை. பிறகு, அரிசி மாற்றி வழங்கப்பட்டது. இம்முறை, முன்பு நலமாக இருந்த பிரிவில் நோய் தோன்றியது. தொடர்ந்து கோழிகளைக் கொண்டு நடத்திய ஆய்வில், வெள்ளை அரிசியோடு தவிட்டைச் சேர்த்துக் கொடுத்தால் நோய் வருவதில்லை என்பதையும் அவர்கள் கண்டனர். குப்பை எனத் தள்ளிய தவிட்டில்தான் உயிர் காக்கும் பொருள் இருந்தது.

பெயர் பெற்ற சத்து

1912ஆம் ஆண்டு, காசிமிர் ஃபங்க் என்னும் போலந்து நாட்டு அறிவியலாளர் இத்தகைய பொருள்களுக்கு 'வைட்டமின்' என்னும் பெயரைச் சூட்டினார். 'வீட்டா' என்னும் இலத்தீன் சொல்லுக்கு உயிர் என்பது பொருள். தமிழில் வழங்கும் உயிர்ச்சத்து என்னும் சொல்லும் அதே பொருளைத் தாங்கி நிற்கிறது. 1926ஆம் ஆண்டு, யான்சன், டோனத் ஆகிய இருவரும் எய்க்மன் பணியாற்றிய அதே பத்தாவியா நகரில் தவிட்டிலிருந்து தூய தையமினைப் பிரித்தெடுத்தனர். 1929ஆம் ஆண்டு எய்க்மனுக்கு நோபல் பரிசு வழங்கப்பட்டது. 1936ஆம் ஆண்டு, தென்னிந்தியாவின் நெல்லூரில் பிறந்த ராபர்ட் வில்லியம்ஸ் என்னும் அமெரிக்க வேதியியலாளர் தையமினின் அமைப்பைக் கண்டறிந்து, அதனைச் செயற்கையாக உருவாக்கவும் வழி கண்டார். கோழிகள் தள்ளாடி விழுந்த நாளிலிருந்து அதுவரை 47 ஆண்டுகள் ஓடிவிட்டன.

அறிவு கிடைத்தும் துயரம் உடனே ஒழிந்துவிடவில்லை. 1942 முதல் 1945 வரை ஜப்பானியர் ஆட்சியின்போது மலாயாவிலும் சிங்கப்பூரிலும் அரிசிக்குக் கடும் பஞ்சம் ஏற்பட்டது. மக்கள் மரவள்ளிக்கிழங்கை உண்டு உயிர் பிழைத்தனர். கிழங்கு பசியை அடக்கியது. ஆனால், அதில் பெரும்பகுதி மாவுச்சத்தே. சாங்கியில் அடைக்கப்பட்ட போர்க் கைதிகளையும், சயாம் மரண இரயில் பாதை அமைக்க அனுப்பப்பட்ட தமிழர் உள்ளிட்ட தொழிலாளர்களையும் பெரிபெரி வாட்டியது. சாங்கியில் இருந்த மருத்துவர்கள் தவிட்டையும் ஈஸ்ட்டையும் தேடிப் பெற்று நோயாளிகளுக்கு மருந்தாகக் கொடுத்தனர். முன்பு நடந்த ஆய்வுகள் கற்றுத் தந்த பாடம் அங்கே உயிர்களைக் காத்தது.

இன்றைய தட்டு

இன்று மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் பெரிபெரி அரிதாகிவிட்டது. அதற்கு முதன்மைக் காரணம், மக்களின் தட்டில் சோற்றுக்கு அருகில் மீன், முட்டை, பருப்பு, கீரை, இறைச்சி ஆகியவையும் இடம்பெற்றிருப்பதாகும். வெள்ளை அரிசியில் இல்லாததை இவை ஈடுசெய்கின்றன. அரிசியோடு உளுந்து சேர்த்து அரைக்கும் இட்லி, தோசையும், பருப்பும் காய்கறியும் சேர்ந்த சாம்பாரும் இவ்வகையில் சிறந்த கூட்டுகளாகும். பருப்பு வகைகள், நிலக்கடலை, முழுக் கோதுமை, தவிடு நீங்காத அரிசி, பன்றி இறைச்சி ஆகியவற்றில் தையமின் மிகுதியாக உள்ளது.

சமைக்கும் முறையும் சத்தின் அளவை மாற்றும். தையமின் நீரில் கரையும் இயல்புடையது. அரிசியைப் பலமுறை தேய்த்துக் கழுவினால் அது கழுநீரோடு போய்விடும். நிறைய நீர் விட்டு வேகவைத்துக் கஞ்சியை வடித்துக் கொட்டினாலும் அது வீணாகும். வடிகஞ்சியைக் கொட்டாமல் உப்பிட்டுக் குடித்த பாட்டிமார்கள், போகவிருந்த சத்தில் ஒரு பகுதியைக் காத்துக்கொண்டனர்.

ஆயினும், வெள்ளைச் சோற்றின் சிக்கல் முற்றிலும் தீர்ந்துவிடவில்லை; அது வேறு உருவில் வந்துள்ளது. தவிடு நீங்கிய அரிசியில் நார்ச்சத்தும் குறைவு. அதனால், அது விரைவாகச் செரித்துக் குருதியில் சர்க்கரையின் அளவைச் சட்டென உயர்த்துகிறது. அளவுக்கு மிஞ்சி உண்டு, உடலுழைப்பும் இல்லாதபோது, மிகுதியான சர்க்கரை கொழுப்பாக மாறிச் சேர்கிறது. 2019ஆம் ஆண்டு மலேசியாவில் எடுக்கப்பட்ட தேசிய உடல்நல ஆய்வின்படி, பெரியவர்களுள் ஏறத்தாழ ஐவரில் ஒருவருக்கு நீரிழிவு இருந்தது. அன்று இல்லாமையால் நோய் வந்தது; இன்று மிகுதியாலும் நோய் வருகிறது.

இதனால்தான் மலேசியச் சுகாதார அமைச்சு, தட்டில் கால் பகுதி சோறு போன்ற மாவுணவும், கால் பகுதி மீன், முட்டை, பருப்பு போன்ற புரத உணவும், அரைப் பகுதி காய்கறியும் பழமும் இருக்க வேண்டும் என்று வலியுறுத்துகிறது. சிங்கப்பூரும் இதே முறையைப் பரிந்துரைப்பதோடு, தவிடு நீங்காத முழுத் தானியங்களை உண்ணவும் ஊக்குவிக்கிறது. எந்த ஓர் உணவும் தனித்து நின்று உடலைக் காப்பதில்லை. பல சத்துகள் கைகோத்துச் செயல்படும்போதுதான் உடல் இயங்குகிறது என்னும் உண்மையே இவ்வறிவுரைக்கு அடிப்படையாகும்.

ஒரு பிடி அரிசியைக் கையில் எடுத்துப் பார்ப்பவர் அதன் வெண்மையையே முதலில் காண்பார். அவ்வெண்மைக்காக நீக்கப்பட்டது எது என்பதை எண்ணிப் பார்க்கும் பழக்கம் அன்றைய மக்களிடம் இருந்ததில்லை. அப்படி எண்ணிப் பார்க்க அவர்களுக்கு வழியும் இருந்ததில்லை. இன்று அந்த அறிவு அனைவருக்கும் எளிதில் கிட்டுகிறது. உணவின் நிறத்தையும் சுவையையும் மட்டும் பாராது, அது உடலுக்குள் சென்று என்ன செய்கிறது என்பதையும் அறிந்து உண்பதே, அவ்வறிவைத் தம் உயிரால் ஈட்டித் தந்தவர்களுக்குச் செய்யும் நன்றியாகும்.